தைராய்டும் மலை மருந்தும்: யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது?

ரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்ற வரிக்கு எதிரே 6.8 என்று இருக்கிறது. பக்கத்திலேயே இயல்பு அளவு 0.4 முதல் 4.5 வரை என்று அச்சாகியிருக்கிறது. டி4 சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் "தைராய்டு வந்துடுச்சாம்" என்று வீடெங்கும் பேச்சாகிவிடுகிறது. ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் பலர் நாட்டு மருந்துக் கடைக்கும் சித்த வைத்தியரிடமும் போகிறார்கள். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கே இல்லாத மூலிகையா?

இந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டு பதில் தேட வேண்டும். லேசான தைராய்டுக் குறைவுக்கு ஆயுர்வேதமும் சித்தமும் என்ன தருகின்றன, அதற்குச் சான்று எவ்வளவு, எங்கே ஆபத்து என்பதை ஒன்றொன்றாகப் பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் காத்திருக்கத் தகுந்தவர்கள் நிறையப் பேர். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. இந்த இருவரையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த வைத்தியமே நல்ல வைத்தியம், அது எந்த முறையாக இருந்தாலும்.

லேசான குறைவு என்பது என்ன?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோனான டி4 குறையத் தொடங்கினால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கூடுதலாக அனுப்பி அதை முடுக்கும். டி.எஸ்.எச். மட்டும் 4.5க்கு மேல் ஏறி, 10க்குள் நின்று, டி4 குறையாமல் இருந்தால் மருத்துவர்கள் அதை லேசான குறைவு என்கிறார்கள். சுரப்பி திணறுகிறது, ஆனால் வேலையை முடித்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இது அரிய நோய் அல்ல. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வில், லேசான வகைக் குறைவு 100இல் 8 பேரிடம் காணப்பட்டது. தைராய்டுக் குறைவு கடலோர நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல், சொந்த உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதற்கான அடையாளமும் ரத்தத்தில் தெரிந்தது. ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் விவரித்த நோய் அதுதான். இன்று நம் ஊர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டு குறைவதற்கு அதுவே காரணம்.

டி.எஸ்.எச். ஒரே இடத்தில் நிற்கும் எண் அல்ல. இரவில் ஏறும், பிற்பகலில் இறங்கும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தமும் மதியம் சாப்பிட்ட பின் எடுத்த ரத்தமும் ஒரே ஆளுக்கு இரண்டு எண்களைக் காட்டலாம். காய்ச்சலிலிருந்து தேறிவரும்போது சில வாரங்கள் ஏறி நிற்கும். வயதோடும் ஏறும், 80 வயதைத் தாண்டியவருக்கு 7 என்பது நோயாக இருக்க வேண்டியதில்லை. இஸ்ரேலில் நடந்து 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 5.5க்கும் 10க்கும் இடையே இருந்தவர்களில் 100க்கு 62 பேருக்கு ஐந்தாண்டுக்குள் எண் இயல்புக்குத் திரும்பியிருந்தது. அவர்கள் தைராய்டு மாத்திரை எடுத்தவர்கள் அல்ல. இந்த 62 என்ற எண்ணை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பேசப்போகும் எல்லாமே இதைச் சார்ந்தது.

லேசான வகைக்கு மாத்திரை வேண்டுமா என்பதில் நவீன மருத்துவமே தன் நிலையை மாற்றிக்கொண்டிருக்கிறது. 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2017இல் வெளியானது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஓராண்டு கழித்து சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பரிந்துரைக் குழு, லேசான குறைவுள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு மாத்திரை தர வேண்டாம் என்றே அழுத்திச் சொன்னது. கர்ப்பத்துக்கு முயலும் பெண்கள், 30 வயதுக்கு உட்பட்டவர்கள், டி.எஸ்.எச். மிக அதிகமாக உள்ளவர்கள், அறிகுறிகள் கடுமையாக உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. ஆகவே, "இங்கிலீஷ் மருந்து போட்டே தீர வேண்டுமா?" என்று கேட்பவரின் தயக்கத்தில் நியாயம் உண்டு. மருத்துவர் முதலில் எழுத வேண்டியது பெரும்பாலும் மாத்திரைச் சீட்டு அல்ல. இரண்டு மூன்று மாதம் கழித்து, டி4உம் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைக் காட்டும் பரிசோதனையும் சேர்த்து, மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லும் சீட்டு.

மண்ணும் உப்பும் கிழங்கும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பேசுவார்கள். ஒரு பக்கம் சேலம் மாவட்டத்துக்குப் போகிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை இது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்ததால் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இங்கே தாமதமாகத்தான் ஏறின. இன்றும் பெரிய பரிசோதனை, நிபுணர் என்றால் கச்சிராயபாளையம் வழியாக இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்று நகரத்தில் எளிதாகச் சொல்லிவிடலாம். மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

தைராய்டைப் பற்றிய எந்த ஆய்வும் உப்பிலிருந்து தொடங்க வேண்டும். தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். பெரியவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. மழை அரித்த மலை மண்ணில் அயோடின் குறைந்துவிடும் என்பதை உலகெங்கும் மலைநாடுகள் காட்டியிருக்கின்றன. வி. ராமலிங்கசாமியும் அவரது குழுவும் 1950களில் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுக்கத் தொடங்கி, கழுத்து வீக்கம் குறைவதைப் பின்னர் நிரூபித்தார்கள். 1962இல் தேசிய முன்கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கான தடை 2006 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு என்பது சட்டம் சொல்லும் அளவு.

தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைவிக்கும் தமிழ்நாட்டில்தான் இந்த அளவு குறைவாக எட்டப்படுகிறது. 2018-19இல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடளவில் 100க்கு 76. தமிழ்நாட்டில் சுமார் 62, மாநிலங்களிலேயே கடைசி. கல்லுப்பின் மேல் நமக்குள்ள பற்று இதற்கு ஒரு காரணம். மூட்டையில் வாங்கி, திறந்த பானையில் வைத்து, ஈரம் கோத்த கல்லுப்பில் அயோடின் இருந்தாலும் தங்காது. எந்த லேகியத்துக்கும் முன்னால் அடுப்படி உப்பைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கூடம் தேவையில்லை. உப்பின் மேல் ஒரு சொட்டு பரிசோதனைத் திரவம் விட்டால் போதும். அயோடின் இருந்தால் உப்பு ஊதா நீலமாக மாறும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே கிடக்கும்.

அடுத்தது கிழங்கு. கல்வராயன் மலையிலும் கீழே சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் மரவள்ளி முக்கியப் பயிர். சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இங்கிருந்தே கிழங்கு போகிறது. மரவள்ளியில் உள்ள லினமாரின் என்ற பொருள் உடைந்து சயனைடாகும். உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும். அந்தத் தயோசயனேட், அயோடின் தைராய்டுக்குள் நுழைவதைத் தடுக்கும். ஆப்பிரிக்காவின் காங்கோவில் கழுத்து வீக்கம் பரவலாக இருந்த இடங்களை ஆராய்ந்த பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள், சரியாகப் பக்குவம் செய்யாத மரவள்ளியும் அயோடின் பற்றாக்குறையும் சேரும்போதுதான் கேடு பெரிதாகிறது என்று கண்டார்கள். இரண்டில் ஒன்றைச் சரிசெய்தாலே கேடு பெரிதும் குறையும். தோலை நன்றாகச் சீவி, சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம். அதை விடாமல் செய்தால் போதும். ஜவ்வரிசி அரைத்துக் கழுவி வண்டல் எடுத்து வறுத்தது. அதில் இந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடுகிறது.

கம்பைப் பற்றியும் இதே எச்சரிக்கை உண்டு. சூடானின் டார்ஃபூர் பகுதியில் மூன்று வேளையும் கம்பையே உண்டவர்களிடம் கழுத்து வீக்கம் மிகுந்ததை ஆராய்ந்தவர்கள், கம்பில் உள்ள சில நிறமிகள் தைராய்டின் வேலையைக் குறைக்கும் என்று 1989இல் எழுதினார்கள். வாரம் இரண்டு நாள் கம்பங்கூழ் குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. சாமையும் கேழ்வரகும் பருப்பும் கீரையும் மாற்றி மாற்றி வரும் சாப்பாட்டில் கம்பால் தொல்லை வராது. முட்டைக்கோஸைத் தொடவே கூடாது என்பது போன்ற தடைப் பட்டியல்களுக்கும் இதே பதில்தான்.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன?

ரத்தத்தில் டி.எஸ்.எச். அளக்கும் இன்றைய முறை வந்தது 1960களில்தான். கழுத்தில் வீக்கம் இல்லாமல், எண் மட்டும் ஏறி நிற்கும் லேசான குறைவைப் பழைய நூல்கள் எதுவும் விவரித்திருக்க முடியாது. நூல்களில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் கழுத்து வீக்கம். சுஸ்ருத சம்ஹிதை நிதானப் பகுதியின் 11ஆம் அத்தியாயத்தில் அதை கலகண்டம் என்று பெயரிட்டு, வாதம், கபம், கொழுப்பு ஆகிய மூன்றால் வருவதாகப் பிரிக்கிறது. அதே இடத்தில் வைத்தியருக்கு ஒரு கட்டளையும் இருக்கிறது. மூச்சுவிடச் சிரமப்படுபவர், உடல் தளர்ந்தவர், ஓராண்டு கடந்தவர், உணவில் விருப்பம் போனவர், மெலிந்தவர், குரல் மாறியவர் ஆகியோரைக் கையில் எடுக்காதே என்பது அந்தக் கட்டளை. இன்றைய அறுவைச் சிகிச்சை நிபுணர் கழுத்துக் கட்டியைப் பார்த்துக் கவலைப்படும் அறிகுறிகளில் மூச்சுத் திணறலும் குரல் மாற்றமும் இன்னும் முன்னால் நிற்கின்றன. தன் எல்லையை எழுதி வைத்த மரபு நம்முடையது. "எல்லாத் தைராய்டும் 48 நாளில் குணம்" என்று சுவரொட்டி ஒட்டுபவர் அந்த மரபைப் பின்பற்றவில்லை.

கண்டமாலை என்று நூல்கள் சொல்வது வேறு. அது கழுத்தின் பக்கவாட்டில் மாலைபோல் வரும் நெறிகட்டிகள். நம் நாட்டில் அதற்குக் காசநோய் பெரிய காரணம். பழைய மருந்து யோகங்கள் பலவும் இரண்டுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டிருப்பதால், கழுத்தில் எது வீங்கினாலும் ஒரே மருந்து என்று போய்விடும் ஆபத்து இருக்கிறது. காசநோய்க்குச் சரியான மருந்து உண்டு. அதை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் நோயாளிதான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்றைய சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் லேசான குறைவை அறிகுறிகளின் வழியே புரிந்துகொள்கிறார்கள். சோர்வு, மலச்சிக்கல், உடல் கனம், தோல் வறட்சி, மாதவிடாய் ஒழுங்கின்மை, குளிர் தாங்காமை ஆகியவற்றைக் கபம் மிகுந்து சீரண சக்தி மந்தப்பட்ட நிலையாகக் கொண்டு, பசியைத் தூண்டி, மலத்தை இளக்கி, உடலை இலேசாக்கும் மருந்துகளைத் தருகிறார்கள். அந்தச் சிந்தனை தனக்குள் ஒழுங்கானது. நோயாளிக்கு நிவாரணம் தெரிவதும் உண்டு. அந்த நிவாரணம் தைராய்டிலிருந்து வந்ததா என்பதுதான் ஆய்வு செய்ய வேண்டிய இடம்.

மருந்துகள் ஒவ்வொன்றாக

ஆயுர்வேதத்தில் முதலில் நிற்பது காஞ்சனார குக்குலு. சார்ங்கதர சம்ஹிதையில் இதன் செய்முறை இருக்கிறது. செம்மந்தாரைப் பட்டை, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், சுக்கு, மிளகு, திப்பிலி, மாவிலங்கப் பட்டை, ஏலம், லவங்கப்பட்டை, லவங்கப்பத்திரி ஆகியவற்றை இடித்து, இவை எல்லாம் சேர்ந்த எடைக்குச் சமமாகக் குக்குலுப் பிசினைச் சேர்த்து மாத்திரையாக உருட்டுவார்கள். இதில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் கல்வராயன் மலை தருபவை. ஆனால் மாத்திரையின் பாதி எடையான குக்குலு இந்த மலையில் விளைவதில்லை. அது ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலத்துச் செடி; அளவுமீறிச் சுரண்டியதால், அழியும் ஆபத்து மிகக் கடுமையாக உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது.

குக்குலு எலிகளின் தைராய்டை ஊக்குவித்ததாக 1980கள் முதல் இந்திய ஆய்வுகள் வந்திருக்கின்றன. மனிதரிடம் நடந்தவை பெரும்பாலும் ஆயுர்வேதக் கல்லூரிகளில் சில பத்துப் பேரிடம், ஒப்பீட்டுக் குழு இல்லாமல், சில மாதங்கள் நடந்த சிறு ஆய்வுகள். எலியில் கண்டது மனிதரிடம் அப்படியே வராது என்பதற்குக் குக்குலுவே சாட்சி. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பப்பட்ட அந்தப் பிசினை அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கெட்ட கொழுப்பு குறைவதற்குப் பதில் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. 2003இல் வெளியான முடிவு அது.

அடுத்தது அமுக்கரா. இதற்குத்தான் ஓரளவு நேரான சான்று இருக்கிறது. டி.எஸ்.எச். 4.5க்கும் 10க்கும் இடையே இருந்த 50 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச் சாரமும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் எட்டு வாரம் கொடுத்த இந்திய ஆய்வு 2018இல் வெளியானது. சாரம் எடுத்தவர்களின் எண்கள் இயல்பை நோக்கி நகர்ந்தன. நல்ல தொடக்கம் என்று இதை மனமாரச் சொல்லலாம். ஆனால் 50 பேர், எட்டு வாரம் என்பது சிறிய அளவு. மருந்தை நிறுத்திய பின் என்ன ஆயிற்று, ஓராண்டில் என்ன ஆகும் என்பதற்கு இதில் விடை இல்லை.

அதே ஆய்வு இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. தைராய்டைத் தூண்டும் பொருள் என்றால், ஏற்கெனவே தைராய்டு அதிகம் சுரப்பவருக்கு அது தீங்கு செய்யும். அமுக்கரா எடுத்தபின் படபடப்பும் மெலிவும் வந்து தைராய்டு மிகையான நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் வெளிவந்திருக்கின்றன. கல்லீரல் பாதிப்பும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் இதை உணவுச் சேர்க்கையாக விற்பதற்குத் தடை போட்டது. சித்த முறையில் அமுக்கராவை அப்படியே பொடிசெய்து கொடுப்பதில்லை. சட்டியில் பாலும் தண்ணீரும் விட்டு, வாயைத் துணியால் வேடுகட்டி, அதன்மேல் சூரணத்தைப் பரப்பி, மேலே மூடி ஆவியில் பிட்டுபோல் அவித்து, வெயிலில் உலர்த்தி மறுபடி இடித்துச் சலிப்பார்கள். இந்தப் பக்குவத்தோடு, வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது ஒன்று. பல மடங்கு செறிவாக்கிக் குளிகையில் அடைத்து ஆன்லைனில் விற்பது வேறு. இரண்டையும் ஒரே மருந்தாகக் கருதக் கூடாது.

கடுக்காயை நான் தனியாக வைத்துப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இது மலையின் சொந்தச் செல்வம். பழங்குடியினர் பொறுக்கி உலர்த்தி விற்கும் கடுக்காயின் கொட்டையைத் தட்டி எடுத்துவிட்டு, தோலை மட்டும் இடித்து வைத்துக்கொள்வது நம் வழக்கம். இரவில் வெந்நீரில் கால் தேக்கரண்டி சாப்பிட்டால் மலம் இளகும். தைராய்டு குறைந்தவர்களை வாட்டும் தொல்லைகளில் மலச்சிக்கல் பெரியது. அதற்குக் கடுக்காய் உதவும் என்று தயங்காமல் சொல்லலாம். கடுக்காய் தைராய்டைக் குணப்படுத்தும் என்று சொல்லச் சான்று இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. செய்யும் வேலையைச் செய்யும் அளவில் மதித்தாலே அந்தக் காய்க்கும் அதைப் பொறுக்கி வருபவருக்கும் பெருமைதான்.

வீட்டில் பலரும் குடிக்கும் மல்லி விதைத் தண்ணீரால் கெடுதல் இல்லை, டி.எஸ்.எச்.சைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. கடற்பாசிக் குளிகை அப்படியல்ல. அதில் அயோடின் அளவுமீறி இருக்கும். எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தைராய்டைத் தாக்கிக்கொண்டிருப்பவருக்கு மிகை அயோடின் நோயைத் தீவிரமாக்கும்.

'எனக்குக் குணமாச்சு' என்பது ஏன் போதாது?

இங்கேதான் அந்த 62ஐ மறுபடி எடுக்க வேண்டும். லேசான குறைவுள்ள 100 பேருக்கு வெறும் சுக்குத் தண்ணீர் கொடுத்து ஐந்தாண்டு காத்திருந்தாலும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எண் தானே இறங்கும். அவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர்; தாளில் எண் குறைந்திருப்பது உண்மை. கொடுத்த வைத்தியரும் ஏமாற்றுபவர் அல்லர். அவர் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார். ஆனால் குறைத்தது மருந்தா, காலமா என்பதை ஒரு ஆளின் அனுபவம் காட்டாது. ஒரே மாதிரியானவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்து, ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் ரத்தம் பார்த்தால்தான் தெரியும். மாத்திரைக்கும் இதே நீதிதான். 2017 ஆய்வில் லெவோதைராக்சின் முதியோரிடம் தோற்றது இந்தத் தராசில்தான். தராசு பொதுவாக இருந்தால் நம் மருந்தை அதில் வைக்க அஞ்ச வேண்டியதில்லை.

சோர்வுக்கு வேறு காரணம் இருக்கும் வாய்ப்பையும் மறந்துவிடக் கூடாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தச் சோகை. முடி கொட்டுவது, மூச்சு வாங்குவது, எழுந்திருக்கவே முடியாத களைப்பு எல்லாம் ரத்தச் சோகையிலும் வரும். தைராய்டு ஹார்மோன் தயாராவதற்கே இரும்புச் சத்து உள்ள ஒரு நொதி வேண்டும். ஆகவே இரும்பு குறைந்தால் தைராய்டும் தடுமாறும். தைராய்டுக்கு மருந்து தேடி வரும் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்து நிறம் பார்க்கும் வைத்தியர், விரல் நுனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கும் கிராமச் செவிலியர் ஆகிய இருவரும் எண்ணுக்குப் பின்னால் ஓடாமல் ஆளைப் பார்க்கிறார்கள்.

எங்கே கெடுதல் வருகிறது?

முதல் கெடுதல், இரண்டு மருந்தும் ஒன்றோடொன்று மோதுவது. லெவோதைராக்சின் காலையில் வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டிய மாத்திரை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் இரும்பு. சங்கு பற்பமும் பவளப் பற்பமும் சுண்ணாம்பு. மாத்திரையோடு சேர்த்து இவற்றைச் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாது, டி.எஸ்.எச். ஏறும், அளவு கூட்டப்படும். இடையில் நான்கு மணி நேரம் விட்டால் தீரும் சிக்கல் இது. நோயாளி இரு மருத்துவரிடமும் எல்லாவற்றையும் சொல்லும் சூழல் இருந்தால்தான் அது தீரும். திட்டுவார்கள் என்று மறைத்தால் தீராது.

இரண்டாவது, உலோகம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004இல் ஒரு ஆய்வு சொன்னது. மூலிகைத் தயாரிப்புகளுக்கு ஈயம் பத்து லட்சத்துக்கு 10 பங்கு, பாதரசம் 1 பங்கு என்று இந்தியாவில் வரம்பு உண்டு. உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பொட்டலத்துக்கு அந்த வரம்பு பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது, கலப்படம். தைராய்டுக்கு உதவும் என்று அமெரிக்காவில் விற்ற 10 உணவுச் சேர்க்கைகளைச் சோதித்தபோது ஒன்பதில் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்தது. 2013இல் வெளியான செய்தி இது. இயற்கை மருந்து வேலை செய்ததாக மகிழ்ந்தவர், தெரியாமல் அளவில்லாத ஹார்மோனை விழுங்கியிருக்கலாம்.

கழுத்து வீக்கத்தைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. தடைசெய்த நோய்ப் பட்டியலில் கழலையும் உண்டு. அந்தச் சட்டத்தைக் காகிதத்தில் விட்டுவைத்தால், முதலில் நட்டப்படுபவர் ஒழுங்காக வைத்தியம் பார்க்கும் சித்த மருத்துவர்தான்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

கர்ப்பிணியும் கர்ப்பத்துக்கு முயல்பவரும் காத்திருக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் குறைவு தெரிந்தால் முதல் வாரங்களிலேயே மாத்திரை தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் போன அறிவு வளர்ச்சி திரும்பாது. வளரும் பிள்ளைகள், டி.எஸ்.எச். 10க்கு மேல் உள்ளவர்கள், டி4 இறங்கியவர்கள், அறுவையாலோ கதிரியக்க அயோடினாலோ தைராய்டை இழந்தவர்கள், கழுத்தில் கட்டி வளர்பவர்கள் ஆகியோர் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சுரப்பியையே இழந்தவர் பத்தியம் இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. 1891இல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கில மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாரத்தை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்ததிலிருந்து வந்த மருந்து இது. இன்று விலை குறைந்தது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது.

மற்றவர்கள், அதாவது கர்ப்பத் திட்டம் இல்லாத, டி.எஸ்.எச். 10க்குக் கீழ் உள்ள, டி4 சரியாக உள்ள பெரியவர்கள் பெரும்பாலும் காத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அயோடின் உப்பு, ரத்தச் சோகைக்கு மருந்து, நடை, தூக்கம், மலச்சிக்கலுக்குக் கடுக்காய், விரும்பினால் பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சை ஆகியவை இருக்கட்டும். மூன்று மாதத்தில் மறு பரிசோதனை. பிறகு ஆறு மாதம், ஓராண்டு. எண் 10ஐத் தாண்டினால் வாதம் வேண்டாம், மாத்திரை.

கள்ளக்குறிச்சியால் செய்ய முடிந்தது

இதற்கான அமைப்பு மாவட்டத்திலேயே இருக்கிறது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. இரு பிரிவுக்கும் ஒரே நோயாளிக் குறிப்பேடு வைத்தால் அன்னபேதியும் லெவோதைராக்சினும் மோதாது. மலைக் கிராமங்களில் ரத்த மாதிரியை அங்கேயே எடுத்துக் கீழே அனுப்பினால், மறு பரிசோதனைக்காக ஒரு பெண் நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை வீட்டு உப்பைக் கொண்டுவரச் சொல்லி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், எந்தக் கிராமத்தில் அயோடின் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும்.

இவற்றோடு ஒரு ஒழுங்கான ஆய்வும் இங்கேயே நடக்க வேண்டும். லேசான குறைவுள்ள சில நூறு பேர், குலுக்கலில் பிரித்த இரு குழு, முறையாகப் பக்குவம் செய்த அமுக்கரா, ஓராண்டுக் கண்காணிப்பு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு. வென்றால் மாத்திரை வேண்டாத பல்லாயிரம் பேருக்கு நம் மண்ணின் மருந்து ஒன்று உறுதியாகக் கிடைக்கும். தோற்றால் அவர்களின் பணமும் கல்லீரலும் மிஞ்சும். இரண்டுமே மக்களுக்கு லாபம்.

பாரம்பரிய மருத்துவத்தின் மேல் அன்பு உள்ளவர்கள் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப முன்வர வேண்டும்; நவீன மருத்துவத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள் தேவையில்லாத மாத்திரையை எழுதாமலிருக்கத் துணிய வேண்டும். தாளில் 6.8ஐப் பார்த்துக் கலங்கி வருபவரிடம் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல முடிந்தால், அவர் பயந்து கடை கடையாக அலைய மாட்டார்: "இப்போதைக்குப் பயமில்லைம்மா. உப்பை மாத்துங்க, ரத்தச் சோகை இருந்தா சரிபண்ணுங்க, மூணு மாசம் கழிச்சுக் காலையில வெறும் வயித்துல வாங்க. பிள்ளைக்கு முயற்சி பண்றீங்கன்னா மட்டும் இன்னிக்கே சொல்லிடுங்க."